நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன்: பறவைக்காய்ச்சல் கிருமிக்கு ஒரு வம்சாவளிப் புத்தகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன் என்ற இந்த இணையதளத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை ஏன் குறைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதில் பெரும்பங்கு அந்தத் தளத்தின் குறையே கிடையாது.

நான் நாமக்கல் வட்டாரத்தில் லேயர் பண்ணைகளுக்கு, அதாவது முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் போய்வரும் கால்நடை மருத்துவன். ராணிக்கெட், கோரைசா, கோடை வந்தால் வெப்ப அயர்ச்சி என்று அன்றாடம் பார்க்கிற வேலைதான். பறவைக்காய்ச்சல் எங்கள் பக்கம் வருவது பெரும்பாலும் விலையின் வழியாகத்தான். கேரளாவில் வாத்துக்கு நோய் என்று செய்தி வந்த அன்றைக்கே முட்டை லாரிகளைப் பற்றிக் கவலை தொடங்கும், விலை இறங்கும், என் ஃபோன் ஓயாது. ஆனால் 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் கோதாவரி மாவட்டங்களில் லேயர் பண்ணைகளிலேயே கோழிகள் சாக ஆரம்பித்தபோது எல்லோருடைய குரலும் மாறிவிட்டது. இந்த முறை கேரளத்துக் குட்டநாட்டு வாத்து இல்லை, நம்முடையதைப் போன்ற கூண்டு, நம்முடையதைப் போன்ற ஷெட்.

அந்த வாரம் ஒரு பண்ணையில் தீவன அரவை அறைக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். பண்ணைக்காரர் என்னைவிட வயதில் மூத்தவர், முப்பது வருடமாகக் கோழியோடு இருப்பவர். "டாக்டருங்க, போன வருசம் கேரளாவுல வாத்துக்கு வந்ததும் இப்ப ஆந்திராவுல வந்ததும் ஒரே கிருமிதானுங்களா, இல்ல இது வேறயா?" என்று கேட்டார். இரண்டுக்கும் எச்5என்1 என்ற பெயர்தான். ஆனால் அவர் கேட்டது பெயரைப் பற்றி அல்ல, உறவைப் பற்றி. "அதுக்கு வம்சாவளி பார்க்கணுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு ஃபோனில் நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்னைத் திறந்தேன்.

எங்கள் பக்கம் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும்போது ஒரு பெரியவர் இருப்பார். எந்தப் பையனைக் காட்டினாலும், இவன் இன்னார் பேரன், அவர்கள் குடும்பம் இத்தனை தலைமுறைக்கு முன்னால் எங்களிடமிருந்து பிரிந்து அந்த ஊருக்குப் போனது என்று விரல்விட்டுச் சொல்வார். இந்தத் தளம் கிருமிக்கு அந்தப் பெரியவர். உலகம் முழுக்க ஆய்வகங்கள் கோழி, வாத்து, காட்டுப்பறவை, மாடு, மனிதன் என்று எதிலிருந்தோ எடுத்த கிருமியின் மரபணு வரிசையைப் பொதுத் தரவுத்தளங்களில் போடுகிறார்கள். அவற்றை எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, எது எதிலிருந்து எப்போது பிரிந்திருக்கும் என்று கணக்கிட்டு, ஒரு மரமாக வரைந்து காட்டுகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஃப்ரெட் ஹட்சின்சன் மையத்தைச் சேர்ந்த ட்ரெவர் பெட்ஃபோர்டும், சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் நெஹரும் தொடங்கிவைத்த வேலை இது. பணம் கட்ட வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், நிரல்கூடத் திறந்த மூலம்தான். இவ்வளவு உழைப்பை இலவசமாக வைத்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எனக்கு நன்றியுணர்வுதான் வருகிறது.

சரி, உள்ளே போனால் என்ன இருக்கும்? இடது பக்கம் தேர்வுகள், நடுவில் மரம், பக்கத்தில் உலக வரைபடம், கீழே எந்த இடத்தில் எழுத்து அதிகம் மாறுகிறது என்று காட்டும் குச்சிகுச்சியான ஒரு படம். மரத்தின் நுனியில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மாதிரி. விரலை வைத்தால் அதன் பெயர், நாடு, தேதி, எந்த ஆய்வகம் கொடுத்தது என்று வரும். கிளையின் மேல் வைத்தால் அந்தக் கிளையில் நடந்த மாற்றங்கள் வரும். வண்ணத்தை மாற்ற 'கலர் பை' என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் நாடு, விலங்கு, குலம் என்று எதையாவது தேர்ந்தெடுத்தால் மரம் முழுக்க நிறம் மாறும். கைப்பேசியில் சிறிய எழுத்தைப் படிக்கச் சிரமம்தான், மடிக்கணினியில் பாருங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது, கிருமியின் எந்த மரபணுத் துண்டுக்கான மரம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தைப் பற்றி. புதிதாக வருகிறவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவது அதைத்தான்.

பறவைக்காய்ச்சல் கிருமியின் மரபணு ஒரே நீள இழை கிடையாது. மொத்தம் சுமார் 13,500 எழுத்துகள், அது எட்டுத் துண்டாக இருக்கிறது. பிபி2, பிபி1, பிஏ, எச்ஏ, என்பி, என்ஏ, எம்பி, என்எஸ். எச்5என்1 என்ற பெயரில் வரும் எச்சும் என்னும் இந்த எச்ஏ, என்ஏ துண்டுகளைக் குறிப்பவைதான். கிருமி பெருகும்போது நகலெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் பழக்கம் இல்லாததால் எழுத்துப்பிழைகள் சேர்ந்துகொண்டே போகும், அது ஒரு வழி. இன்னொரு வழி இதைவிடப் பெரிது. ஒரே பறவையின் ஒரே செல்லுக்குள் இரண்டு வேறு கிருமிகள் நுழைந்துவிட்டால், வெளியே வரும் குட்டிக் கிருமிகள் இரண்டு பக்கத்துத் துண்டுகளையும் கலந்து எடுத்துக்கொண்டு வரலாம். நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன் எட்டுத் துண்டுக்கும் எட்டு மரம் தனித்தனியாக வைத்திருக்கிறது. 'செகண்ட் ட்ரீ' என்ற தேர்வைத் தட்டினால் இரண்டு மரங்கள் எதிரெதிராக நிற்கும், ஒரே மாதிரியை இரண்டிலும் கோடு போட்டு இணைத்திருக்கும். கலப்பு நடக்கவில்லை என்றால் கோடுகள் ஒழுங்காகக் குறுக்கே போகும். கலப்பு நடந்த இடத்தில் ஒரு கொத்துக் கோடுகள் அப்படியே மேலிருந்து கீழே பாய்ந்து வேறு கிளையில் போய் விழும். எச்ஏ மரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் பிபி2 மரத்தில் எங்கோ தூரத்தில் இருப்பார்கள். இதை அந்தப் பண்ணைக்காரரிடம் காட்டியபோது கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப இது பங்காளி வழி மட்டும் இல்லீங்க, சம்பந்தி வழியும் பார்க்கணும்" என்றார். நான் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார், அதற்குப் பிறகு எல்லாப் பண்ணையிலும் அதே வார்த்தைகளில்தான் விளக்குகிறேன்.

இந்தச் சம்பந்தி விஷயம் எவ்வளவு பெரியது என்று பார்க்க அமெரிக்கக் கிளையைப் பாருங்கள். இப்போது உலகம் சுற்றும் 2.3.4.4பி என்ற குலம் ஐரோப்பாவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி 2021 கடைசியில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு வந்தது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு வான்கோழிப் பண்ணை. அங்கிருந்து 2025 தொடக்கத்துக்குள் அந்த நாட்டில் 15 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் செத்தும் அழிக்கப்பட்டும் போயின. இதற்கு நடுவே கிருமி அந்தக் கண்டத்துக் காட்டுப்பறவைகளில் ஏற்கெனவே இருந்த சாதுவான கிருமிகளோடு துண்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தது. 2024 இலையுதிர் காலத்தில் பண்ணைகளில் தலைதூக்கிய டி1.1 என்ற வகையில் என்ஏ துண்டே மாறிவிட்டது, ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்ததை விட்டுவிட்டு அமெரிக்கப் பறவைகளிடமிருந்த என்ஏவை எடுத்துக்கொண்டது. எச்5என்1 என்ற பெயர் அப்படியே, உள்ளே ஆள் வேறு. எச்ஏ மரத்தையும் என்ஏ மரத்தையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

மாட்டுக் கதைக்குத் தனியாக ஒரு பக்கமே வைத்திருக்கிறார்கள், எட்டுத் துண்டையும் சேர்த்து ஒரே மரம். 2024 மார்ச்சில் டெக்ஸாஸ் பக்கம் கறவை மாடுகளில் எச்5என்1 இருப்பது உறுதியானது, அந்த வகைக்குப் பெயர் பி3.13. அந்த மரத்தில் மாடுகளின் புள்ளிகள் ஒரே வேரிலிருந்து குடை மாதிரி விரியும். பறவையிலிருந்து மாட்டுக்கு ஒருமுறை தாவியது, பிறகு மாட்டிலிருந்து மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். கோழிப்பண்ணைக்காரர்கள் பார்க்க வேண்டியது அந்த மாட்டுக் குடைக்குள்ளேயே அங்கங்கே பறவை நிறத்தில் இருக்கும் புள்ளிகளை. அவை மாட்டிலிருந்து பண்ணைக்குள் திரும்பி வந்தவை. 2024 ஜூலையில் கொலராடோ மாநிலத்தில் லேயர் பண்ணைகளில் வந்தது இந்த வகைதான். அங்கே கோழிகளை அழிக்கும் வேலையில் இருந்த தொழிலாளர்களுக்கும் தொற்றியது. ஷெட்டுக்குள் 40 டிகிரிக்கு மேல் வெப்பம், பெரிய மின்விசிறிகள் இறகையும் தூசியையும் கிளப்பிக்கொண்டிருந்தன, கண்ணாடியும் முகக்கவசமும் முகத்தில் நிற்கவில்லை. நம் ஊர் சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் முழு உடுப்பு மாட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று நான் சொல்லவே வேண்டாம். காட்டுப்பறவையை மட்டும் பயந்து வலை கட்டிக்கொண்டிருந்தோம், பக்கத்துப் பால்பண்ணையையும் யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதை இந்த ஒரு மரம் காட்டிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி எச்ஏ மரத்தில் வெட்டுமிடத்தை வைத்து நிறம் மாற்றுவது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பண்ணைக்குள் கிருமி எப்படி வெறி பிடிக்கிறது என்பது இங்கேதான் இருக்கிறது.

எச்ஏ என்பது கிருமியின் மேல் இருக்கும் முள். அது செல்லுக்குள் நுழைய வேண்டும் என்றால் அந்த முள் ஓரிடத்தில் வெட்டப்பட வேண்டும். சாதுவான கிருமியில் அந்த இடத்தை வெட்டும் நொதி கோழியின் சுவாசப் பாதையிலும் குடலிலும்தான் இருக்கிறது, அதனால் நோய் அங்கேயே நிற்கும், முட்டை குறையும், லேசாக இளைப்பு இருக்கும். ஆனால் அந்த வெட்டுமிடத்தில் அர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டால் ஃபியூரின் என்ற நொதியே வெட்டிவிடும், அது உடம்பில் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. அப்புறம் மூளை, இதயம், கணையம் என்று எதுவும் பாக்கியில்லை, இரண்டு மூன்று நாளில் ஷெட் காலி. சாது எச்5 கிருமியில் அந்த இடம் ஆர், ஈ, டி, ஆர் என்று இருக்கும். இப்போது சுற்றும் 2.3.4.4பியில் ஆர், ஈ, கே, ஆர், ஆர், கே, ஆர். ஆர் என்பது அர்ஜினின், கே என்பது லைசின். ஒரு ஷெட்டின் உயிரும் சாவும் அந்த இரண்டு மூன்று எழுத்தில் இருக்கிறது.

இந்த மாற்றம் பெரும்பாலும் நடப்பது காட்டில் அல்ல, பண்ணையில். காட்டு வாத்தில் சாதுவாக இருப்பது ஒரே வயது, ஒரே இனம், ஆயிரக்கணக்கில் நெருக்கமாக இருக்கும் கோழிகளுக்குள் நுழைந்து திரும்பத் திரும்பப் பெருகும்போதுதான் அந்த எழுத்துகள் மாற வாய்ப்புக் கிடைக்கிறது. 1983 பென்சில்வேனியா கதை எல்லாக் கால்நடை மருத்துவர்களும் படித்ததுதான். ஏப்ரலில் கோழிகளுக்கு லேசான எச்5என்2, அக்டோபரில் அதே கிருமி கொத்துக் கொத்தாகக் கொன்றது. வெட்டுமிடத்துக்குப் பக்கத்தில் அதை மறைத்துக்கொண்டிருந்த ஒரு சர்க்கரைச் சங்கிலி, ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் போய்விட்டது, மறைவு போனதும் நொதிக்கு வழி கிடைத்தது. 1.7 கோடிப் பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. 2002இல் சிலி நாட்டில் எச்7என்3 கிருமி தன்னுடைய என்பி துண்டிலிருந்தே 30 எழுத்துகளை எடுத்து வெட்டுமிடத்தில் செருகிக்கொண்டது. 2012இல் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநில லேயர் பண்ணைகளில் வந்த எச்7என்3 இன்னும் ஒரு படி மேலே போய், கோழியின் சொந்த ரைபோசோம் ஆர்என்ஏவிலிருந்து 24 எழுத்துகளை உருவிக்கொண்டது. கோழியின் உடம்பிலிருந்தே ஆயுதம் எடுத்துக் கோழியைக் கொன்றது. படித்து எத்தனை வருடமானாலும் இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

எச்7என்9க்கும் எச்9என்2க்கும் தனி மரங்கள் இருக்கின்றன. எச்7என்9 சீனாவில் 2013இல் தெரியவந்தபோது கோழிக்கு அறிகுறியே கிடையாது, மனிதர்கள்தான் செத்தார்கள். 2017 தொடக்கத்தில் கோழியையும் கொல்லும் வடிவம் வெளிப்பட்டது. அந்த வருடம் செப்டம்பரில் கோழிகளுக்கு எச்5, எச்7 இரண்டுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகு மனிதர்களில் தொற்று வெகுவாகக் குறைந்தது. எச்7என்9இல் எச்ஏ, என்ஏ தவிர்த்த உள் துண்டுகள் ஆறும் எச்9என்2விடமிருந்து வந்தவை.

அந்த எச்9என்2 நம் ஊரிலும் இருக்கிறது. அதனால்தான் நான் பண்ணையாளர்களிடம் அந்த மரத்தை முதலில் காட்டுகிறேன். ஆள் சாவது மிக அரிது, கோழியும் பெரிதாகச் சாகாது, ஆனால் உற்பத்தி திடீரென்று விழும், ஓடு வெளிறும், கூடவே ஈகோலை, மைக்கோபிளாஸ்மா மாதிரி பாக்டீரியா ஏதாவது இருந்தால் சாவும் சேரும். போபாலில் இருக்கும் உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம் இதற்கு உள்நாட்டுத் தடுப்பூசியே உருவாக்கியிருக்கிறது. ஆனால் தடுப்பூசி போட்டால் கிருமி மாறுவது நின்றுவிடாது. மெக்சிகோவில் 1995லிருந்து எச்5என்2க்குத் தடுப்பூசி போட்டார்கள். பண்ணைகளில் கிருமி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, சில வருடங்களில் தடுப்பூசியில் இருந்த பழைய கிருமியிலிருந்து வெகுதூரம் விலகிப்போனது. எகிப்திலும் தடுப்பூசி போட்ட பண்ணைகளில் 2.2.1.1 என்று தனிக் கிளையே முளைத்தது. எனக்குத் தடுப்பூசி மேல் விரோதம் கிடையாது, நானே தினமும் போடச் சொல்கிறவன். போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது, வருடா வருடம் கிருமியை எடுத்துப் படித்துத் தடுப்பூசியோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து அந்த அரை மதிப்பெண். வரைபடத்தில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கோடு ஓடுவதைப் பார்த்துவிட்டு, "அங்கிருந்துதான் வந்தது" என்று முடிவு கட்டாதீர்கள். யார் அதிக மாதிரி கொடுக்கிறார்களோ அவர்கள் ஊர்தான் தொடக்கம்போலத் தெரியும். மரத்தில் இருப்பது எல்லா மாதிரியும் கிடையாது, பொறுக்கி எடுத்தவை. புள்ளியின் பெயரில் 'சிக்கன்' என்று இருக்கும், அது லட்சம் கோழி லேயர் பண்ணையா, வீட்டுக் கொல்லையில் மேய்ந்த நாலு நாட்டுக்கோழியா என்பது தெரியாது. எனக்கு வேண்டியதே அதுதான். தரவு கொடுப்பவர்களும் எப்போதும் முழுசாகக் கொடுப்பதில்லை. 2024 ஏப்ரலில் அமெரிக்க வேளாண் துறை மாட்டுக் கிருமியின் வரிசைகளைப் பொதுவில் போட்டபோது எந்த மாநிலம், எந்தத் தேதி என்ற விவரமே அதில் இல்லை. உலகத்து ஆய்வாளர்கள் எல்லாம் மரத்தைப் பார்த்தே ஊகிக்க வேண்டியிருந்தது. அப்புறம், பல மொழிகளில் தளத்தைப் பார்க்கும் வசதி இருக்கிறது, அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. யாராவது மொழிபெயர்க்க முன்வந்தால் நான் கூட உட்காரத் தயார்.

பெரிய குறை எங்கள் பக்கத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் கையில் ஒரு வரிசை வைத்திருப்பவர்களுக்கு இதே குழுவின் நெக்ஸ்ட்கிளேட் என்ற கருவி உண்டு, கோப்பை உலாவியில் இழுத்துப் போட்டால் எந்தக் குலம் என்று சில நொடியில் சொல்லிவிடும், தரவு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. ஆனால் போட வரிசை வேண்டுமே. இந்தியாவில் சந்தேகம் வந்தால் மாதிரி கால்நடைத் துறை வழியாகப் போபாலுக்குப் போகிறது, உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை அழிக்கிறார்கள், பத்து கிலோமீட்டர் கண்காணிப்பு. அந்த வேலை முடிந்ததும் பண்ணைக்காரருக்கு அந்தக் கிருமி யார் என்ற தகவல் வந்து சேருவதில்லை. அன்றைக்கு டீ குடித்துக்கொண்டே மரத்தை விரித்தபோது, அமெரிக்கா, ஐரோப்பாப் பக்கம் புள்ளிகள் கம்பு விதைத்த மாதிரி அடர்த்தியாக இருந்தன. நம் பக்கம் நீளநீளமான கோடுகள், நுனியில் ஒன்றிரண்டு புள்ளிகள். நீளமான கோடு என்றால் அத்தனை காலம் கிருமி யாரும் பார்க்காமல் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். ஆந்திராவின் புள்ளி அப்போது எங்கள் திரையில் வரவே இல்லை, வந்திருக்கவும் முடியாது, கோழிகள் செத்தே சில நாள்தான் ஆகியிருந்தது. அண்ணன் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் அந்தக் காலி இடத்தில் விரலை வைத்து, "இதுல நம்ம பக்கமே இல்லீங்களே" என்று மட்டும் சொன்னார்.

நாலு மாதம் கழித்து அவர் ஷெட் ஒன்றில் உற்பத்தி சரிந்தது. வழக்கமாக இப்படி நடந்தால் எல்லோரும் என்ன மருந்து போடலாம் என்றுதான் ஃபோனில் கேட்பார்கள், அவரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தவர். இந்த முறை காலை ஆறரை மணிக்கே கூப்பிட்டார். "டாக்டருங்க, தண்ணியில இன்னும் எதுவும் கலக்கலீங்க. மூச்சுக்குழல்லயும் பின்பக்கமும் சுவாப் எடுக்கணும்னீங்கல்ல, அந்தக் குச்சி கொண்டு வாங்க. துறையில யாருகிட்ட சொல்லணும்னு சொல்லுங்க, நானே பேசறேன்."